மேட்ரன் தலைமையில் ஒரு மாணவர் சங்கம்

இந்தியச் செவிலியர் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் இயங்கும் மாணவர் அமைப்புகளுள் பரவலானதும், பேச்சு வழக்கில் எஸ்.என்.ஏ. என்று சுருக்கிச் சொல்லப்படுவதுமான மாணவச் செவிலியர் சங்கம், 1929ஆம் ஆண்டில், பயிற்சி பெற்ற செவிலியரின் அகில இந்திய அமைப்பான டி.என்.ஏ.ஐ.யின் கிளையாகத் தோன்றியது. கலைக் கல்லூரிகளின் மாணவர் பேரவையை மனத்தில் வைத்துக்கொண்டு இதனை அணுகுவோருக்கு இதன் அமைப்பு சற்று வியப்பளிக்கும். ஒவ்வொரு பயிற்சி நிறுவனத்திலும் யூனிட் எனப்படும் ஒரு கிளை உண்டு. அதன் ஆலோசகர் அந்நிறுவனத்தின் முதல்வர். தலைமைப் பொறுப்பும் பெரும்பாலும் ஆசிரியர் ஒருவரிடமே இருக்கும். துணைத் தலைவர், செயலாளர், பொருளாளர் முதலிய பொறுப்புகளே மாணவியரைச் சேரும். பயிற்சிப் பள்ளியும் மருத்துவமனையும் ஒரே கையில் இருந்த காலத்தில் அந்த ஆலோசகர் இடத்தில் அமர்ந்தவர், மேட்ரன் என்று அழைக்கப்பட்ட செவிலியர் கண்காணிப்பாளர். மாணவியரை வார்டில் வேலை வாங்கியவர், விடுதியில் கதவடைக்கும் நேரத்தைக் குறித்தவர், விடுப்பு தந்தவரும் மறுத்தவரும் அவரே. அவர்களுடைய சங்கத்திற்கு வழிகாட்டியவரும் அவரே. மாணவர் சங்கம் ஒன்று இவ்வாறு அமைந்ததற்கான காரணங்கள், செவிலியர் தொழில் சென்னை மாகாணத்தில் வேரூன்றிய வரலாற்றிலேயே கிடைக்கின்றன.

சென்னையில் பிரசவ மருத்துவமனையைச் சார்ந்து மருத்துவச்சிகளுக்கான பயிற்சி 1854இல் தொடங்கியது. லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் தம் பயிற்சிப் பள்ளியை நிறுவிய 1860ஆம் ஆண்டுக்குப் பதினோரு ஆண்டுகள் கழித்து, 1871இல், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி ஏற்பட்டது. இங்கிலாந்திலிருந்து வந்த செவிலியர் அதனை நடத்தினர். தொடக்கத்தில் பயிற்சிக்கு வந்தோர் பெரும்பாலும் ஐரோப்பியரும் ஆங்கிலோ-இந்தியரும் இந்தியக் கிறித்தவருமே. மற்றச் சமூகங்கள் விலகி நின்றதற்குக் காரணம் வெளிப்படையானது: தமிழ்நாட்டு ஊர்களில் பிரசவம் பார்ப்பது குறிப்பிட்ட சாதிப் பெண்களின் குலத்தொழிலாகக் கருதப்பட்டது, பிறர் உடலைத் தொடுவதும் குருதியும் கழிவும் துடைப்பதும் தீட்டோடு சேர்த்து எண்ணப்பட்டன, மணமாகாத பெண் வீட்டை விட்டு அயலூர் விடுதியில் தங்கி இரவில் வேலை பார்ப்பது குடும்ப மானத்திற்கு இழுக்கு என்ற எண்ணமும் வலுத்திருந்தது. மிஷன் மருத்துவமனைகள் இந்தத் தயக்கத்தை ஓரளவு உடைத்தன. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909இல் செவிலியர் பயிற்சியைத் தொடங்கினார். மதுரையில் அமெரிக்க மிஷனின் மருத்துவமனை தெற்கு மாவட்டப் பெண்களுக்குப் பயிற்சி தந்தது.

பயிற்சி என்ற சொல்லைக் கொண்டு இன்றைய வகுப்பறையைக் கற்பனை செய்துவிடக் கூடாது. புரொபேஷனர் எனப்பட்ட புதுமாணவி, தொடக்கத்தில் சில வாரங்கள் படுக்கை விரித்தல், கட்டுப் போடுதல், வெப்பநிலை எடுத்தல் ஆகியவற்றைக் கற்றபின் நேரே வார்டுக்கு அனுப்பப்பட்டாள். அந்த நாள் முதல் மருத்துவமனையின் அன்றாட வேலையில் பெரும்பங்கு அவள் தோளில் ஏறியது. அவளுக்கு உதவித்தொகை என்ற பெயரில் சிறுதொகையும் உணவும் உடையும் தங்குமிடமும் கிடைத்தன. வகுப்புகள் டியூட்டி முடிந்தபின் நடந்தன. மாணவி என்பவள் ஒரே சமயத்தில் கற்பவளும் கூலி குறைந்த தொழிலாளியுமாக இருந்தாள் என்று சொல்வதில் மிகையில்லை. இந்த இரட்டை நிலையே பின்னர் அவளுக்கென உருவான சங்கத்தின் போக்கையும் வரையறுத்தது.

செவிலியர் தமக்கென்று அமைப்பு காணும் முயற்சி மேலிருந்து தொடங்கியது. 1905இல் லக்னோவில், மருத்துவமனை நிர்வாகப் பொறுப்பிலிருந்த ஒன்பது ஐரோப்பியப் பெண்கள் செவிலியர் கண்காணிப்பாளர் சங்கத்தை ஏற்படுத்தினர். சாதாரணச் செவிலியருக்கென்று தனிச் சங்கம் ஒன்றும் வேண்டும் என்ற முடிவு 1908இல் எடுக்கப்பட்டது. 1910இல் இந்தியச் செவிலியர் இதழ் ஆங்கிலத்தில் வெளிவரலாயிற்று. 1912இல் பன்னாட்டுச் செவிலியர் பேரவையில் இடம் கிடைத்தது. 1922இல் இரு சங்கங்களும் ஒன்றாகி டி.என்.ஏ.ஐ. என்ற பெயரில் நிலைபெற்றன. அதே ஆண்டில் சுகாதாரப் பார்வையாளருக்கும், 1925இல் மருத்துவச்சிகளுக்கும், 1929இல் மாணவியருக்கும் கிளைகள் அமைந்தன. இந்த வரிசை கவனிக்கத்தக்கது. முதலில் கண்காணிப்பாளர், பின்னர் செவிலியர், அதன்பின் கிராமத்திலும் வீடுகளிலும் பணிபுரிவோர், கடைசியில் மாணவியர்: சங்கம் மருத்துவமனையின் படிநிலை வழியே மேலிருந்து கீழே இறங்கி வந்தது. மாணவியர் கூடிப் பேசித் தாமே தொடங்கியதன்று இது. மூத்தோர் இளையோருக்காக வகுத்துக் கொடுத்த ஏற்பாடு.

அந்த ஏற்பாட்டுக்கு 1920களின் பிற்பகுதி ஏற்ற காலமாக இருந்தது. சென்னை மாகாணச் செவிலியர் மற்றும் மருத்துவச்சிகள் சட்டம் 1926இல் நிறைவேறியபோது, பதிவேட்டில் பெயருள்ளவரே பயிற்சி பெற்ற செவிலியர் என்ற நிலை உருவாகத் தொடங்கியது. பதிவு என்பது, குறிப்பிட்ட பாடத்திட்டத்தை முடித்துப் பொதுத் தேர்வில் தேறியவரின் பெயரை அரசு அங்கீகரித்த மன்றம் ஒன்று தன் ஏட்டில் ஏற்றுவது. அதுவரை ஒவ்வொரு மருத்துவமனையும் தன் போக்கில் கற்பித்துத் தன் பெயரில் சான்றிதழ் தந்து வந்தது. ஓர் ஊரில் பயின்றவளுக்கு அடுத்த ஊரில் பயின்றவளோடு பொதுவாக ஒன்றுமில்லை. சட்டம் அவர்களை ஒரே ஏட்டில் சேர்த்தது. ஆனால் ஏட்டில் சேர்ந்தவர்களுக்கிடையே ஒரு தொழிலைச் சேர்ந்தவர் என்ற உணர்வு தானாக வந்துவிடுவதில்லை. அதை வளர்க்கும் வேலையைப் பயிற்சிக் காலத்திலேயே தொடங்க வேண்டும் என்று டி.என்.ஏ.ஐ. தலைவியர் கருதினர். தொழிலின் கண்ணியத்தைக் காத்தல், மாணவியரிடையே கூட்டுணர்வை வளர்த்தல், படிப்பில் அறிவுரை தருதல், தலைமைப் பண்பை ஊக்குவித்தல், பொதுஅறிவையும் சமூகப் பழக்கத்தையும் விரிவாக்குதல், விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் இடம் தருதல் என்று சங்கத்தின் நோக்கங்கள் வகுக்கப்பட்டன. வேலை நேரம், உதவித்தொகை, விடுதி உணவு ஆகியவை பற்றி அந்த நோக்கங்களில் ஒரு சொல்லும் இல்லை.

பெருநகரங்களுக்கு வெளியே இருந்த பெண்களுக்கு இந்த ஏற்பாடு எவ்வளவு எட்டியது என்பதை அறிய, இக்காலத்தில் தென் தமிழ்நாட்டின் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் எந்த நிலையில் இருந்தன என்பதைப் பார்க்க வேண்டும். திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டம், 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது அதனோடு சேர்க்கப்பட்டது. மாவட்டத்தின் தலைமை அலுவலகங்கள் மதுரையில் இயங்கியதால், ஆட்சிக் காரியம், உயர் மருத்துவம் இரண்டுக்கும் மக்கள் மதுரையையே நாடினர். விருதுநகரிலிருந்து தென்காசி செல்லும் இருப்புப் பாதை 1927இல் திறக்கப்பட்டபின் அந்தப் பயணம் எளிதாயிற்று. ராஜபாளையம் பருத்தியால் வளர்ந்த ஊர், பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் நிறுவிய ராஜபாளையம் மில் அதனை ஆலை நகரமாக்கியது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலைச் சுற்றியமைந்த பழைய ஊர். இரண்டுக்கும் இடையே பன்னிரண்டு கிலோமீட்டர்கூட முழுதாக இல்லை. செவிலியர் பள்ளி ஒன்று நிலைக்க வேண்டுமானால் மாணவியர் எண்ணிக்கைக்கு ஈடான நோயாளிகள் வேண்டும். ஒரு மாணவிக்கு மூன்று நோயாளி என்ற விகிதம் பிற்கால விதிகளில் எழுத்தாகவே இடம்பெற்றது. நூற்றுக்கணக்கான படுக்கைகள் கொண்ட மருத்துவமனை இல்லாத ஊரில் பள்ளியும் இல்லை, ஆகவே எஸ்.என்.ஏ. யூனிட்டும் இல்லை. இவ்வூர்ப் பெண்கள் செவிலியராக விரும்பினால் ஏறத்தாழ 85 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதுரைக்கோ, தெற்கே பாளையங்கோட்டைக்கோ, இன்னும் தொலைவில் வேலூருக்கோ சென்னைக்கோ செல்ல வேண்டியிருந்தது. மதுரையில் பெரிய அரசு மருத்துவமனையாக வளர்ந்தது, ஆளுநர் எர்ஸ்கின் பெயரால் அழைக்கப்பட்டுப் பின்னர் அரசு இராசாசி மருத்துவமனை ஆனது.

பயிற்சிப் பள்ளி அமையாத இந்தப் பகுதி, வேறொரு வழியில் இந்தியாவின் மருத்துவமனை வார்டுகளுக்குள் நுழைந்தது என்பதை இடையில் குறிப்பிடாமல் இருக்க இயலாது. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியும் அதன் சுற்றூர்களும் பேண்டேஜ் துணி நெசவுக்குப் பெயர்போனவை. புண்ணின் மேல் வைக்கும் காஸ் துணியும் சுற்றிக் கட்டும் பேண்டேஜும் அங்குள்ள விசைத்தறிகளில் நெய்யப்பட்டு, வெளுக்கப்பட்டு, நாட்டின் பல பகுதிகளுக்கும் செல்கின்றன. கட்டுப்போடும் தேர்வில் மாணவியர் சுருள் சுருளாகப் பிரித்துப் பழகும் அந்தத் துணியை நெய்தவர்களுக்கும் அதைச் சுற்றியவர்களுக்கும் இடையே எந்தப் பழக்கமும் இருந்ததில்லை. தொழில்களின் வரலாற்றை எழுதுவோர் இவ்விரண்டையும் ஒரே நூலில் சேர்த்து எழுதியதும் அரிது.

இத்தகைய சிற்றூரிலிருந்து விடுதிக்கு வந்த பெண்ணுக்கு எஸ்.என்.ஏ. எதைத் தந்தது என்பதை அதன் நடைமுறைகளே காட்டுகின்றன. யூனிட் குறிப்பிட்ட இடைவெளியில் கூட வேண்டும். செயலாளர் நிகழ்ச்சிக் குறிப்பை வாசிக்க வேண்டும். பொருளாளர் கணக்கு காட்ட வேண்டும். தீர்மானத்தை ஒருவர் முன்மொழிய மற்றொருவர் வழிமொழிய வேண்டும். வீட்டில் பெரியவர் முன் குரலெழுப்பிப் பழகாத பெண்ணுக்கு, நாற்பது ஐம்பது பேர் முன்னே எழுந்து நின்று ஒரு கருத்தைச் சொல்லி அமர்வது சாதாரணப் பழக்கமன்று. டைரி எனப்படும் ஆண்டு ஏடு இந்த நடைமுறைகளுள் சுவையானது. யூனிட் அவ்வாண்டில் நடத்திய கூட்டம், நலவாழ்வுக் கண்காட்சி, நன்கொடை திரட்டல், விளையாட்டு, விழா ஆகிய அனைத்தும் அதில் முறையாகப் பதிவாகும். படங்கள் ஒட்டப்பட்டு, அழகிய கையெழுத்தில் தலைப்புகள் எழுதப்பட்டு, அட்டை அலங்கரிக்கப்பட்டு, அது மாநாட்டில் போட்டிக்கு வைக்கப்படும். மாநில மாநாடும் தேசிய மாநாடும் இரண்டாண்டுக்கு ஒருமுறை கூடும் வழக்கம் ஏற்பட்டது. அங்கே பேச்சு, எழுத்து, சுவரொட்டி, கண்காட்சிப் பொருள் ஆகியவற்றில் பள்ளிகள் மோதின. பிற மாநிலத்து மாணவியரை ஒரு தமிழ்நாட்டு மாணவி முதன்முதலாகக் காணும் வாய்ப்பு பெரும்பாலும் இம்மாநாட்டுப் பயணத்தால்தான் கிடைத்தது. செவிலியர் இதழில் மாணவியருக்கென ஒரு பகுதியும் ஒதுக்கப்பட்டது. படிப்பு முடித்துப் பதிவு பெற்ற எஸ்.என்.ஏ. உறுப்பினர் சலுகைக் கட்டணத்தில் டி.என்.ஏ.ஐ. உறுப்பினராக மாறலாம் என்ற விதி, மாணவப் பருவத்தையும் தொழில் வாழ்வையும் ஒரே சங்கிலியில் கோத்தது.

இவற்றில் மொழி ஒரு தடையாக இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். இதழும் மாநாடும் ஆங்கிலத்தில் நடந்தன. நோயாளியிடம் நாள் முழுதும் தமிழில் பேசிய மாணவி, தன் சங்கத்தில் பேச ஆங்கிலம் தேடினாள். ராஜபாளையத்தில் தெலுங்கு பேசும் ராஜுக்கள் வீட்டிலிருந்து வந்தவளாயின் தெலுங்கும் தமிழும் கடந்து மூன்றாவதாக ஒரு மொழியில் மேடையேற வேண்டும். மிஷன் பள்ளியிலும் நகரப் பள்ளியிலும் ஆங்கிலம் பயின்றோர் செயலாளர் பொறுப்புக்கு எளிதில் வந்ததும், தமிழ்வழியில் படித்தோர் விழா ஏற்பாட்டிலும் கலைநிகழ்ச்சியிலும் தங்கிவிட்டதும் இந்த அமைப்பின் இயல்பான விளைவுகள்.

அமெரிக்காவில் இதே காலத்தில் வேறுவகை அமைப்பு ஒன்று பிறந்தது. இந்தியானாபொலிஸ் நகரில், இந்தியானா பல்கலைக்கழகச் செவிலியர் பள்ளியைச் சேர்ந்த ஆறு மாணவியர் 1922இல் சிக்மா தீட்டா டாவ் என்ற மேன்மைக் கழகத்தை நிறுவினர். பெயரிலுள்ள மூன்று கிரேக்க எழுத்துகள் அன்பு, துணிவு, மதிப்பு ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களின் முதலெழுத்துகள். மேன்மைக் கழகம் என்பது, படிப்பில் முன்னிற்போரை மட்டும் தேர்ந்து உறுப்பினராக்கி, அந்த உறுப்பினர் தகுதியையே வாழ்நாள் சிறப்பாகக் கருதும் அமைப்பு. எல்லா மாணவருக்குமான தேசியச் சங்கம் அந்நாட்டில் 1952இல்தான் உருவாயிற்று. இந்தியாவில் வரிசை மாறியிருந்தது: இங்கே பொதுச் சங்கம் 1929இலேயே வந்துவிட்டது, மேன்மைக் கழகம் என்ற கருத்து மாணவர் வாழ்வில் ஊன்றவே இல்லை. அந்தக் கழகம் பல்கலைக்கழகச் சூழலில் பிறந்தது. இந்தியாவிலோ செவிலியர் கல்வி பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தது 1946இல் வேலூரிலும் டெல்லியிலும் பட்டப்படிப்பு தொடங்கிய பிறகே. மதிப்பெண்ணை விட வார்டில் நடந்துகொள்ளும் முறைக்கே இங்கே மதிப்பு அதிகம்; அந்த மதிப்பைத் தீர்மானித்தவர் மேட்ரனும் வார்டு சிஸ்டரும்.

ஆகவே சிறப்பு என்பது கழக உறுப்பினர் பட்டயமாக வராமல் சடங்காக வந்தது. தொடக்கப் பயிற்சியில் தேறியவளுக்குத் தலையில் வெள்ளைத் தொப்பி சூட்டுவது ஒரு சடங்கு. விளக்கேற்றும் விழா மற்றொன்று: மூத்தவர் ஒருவரின் விளக்கிலிருந்து மாணவியர் வரிசையாகத் தம் விளக்கை ஏற்றிக்கொண்டு உறுதிமொழி கூறுவர். நைட்டிங்கேல் உறுதிமொழி என்று வழங்கும் அதனை நைட்டிங்கேல் எழுதவில்லை. 1893இல் டெட்ராய்ட் நகரின் ஃபாரண்ட் பயிற்சிப் பள்ளியில் லிஸ்ட்ரா கிரெட்டர் தலைமையிலான குழு அதை இயற்றியது. தமிழ்நாட்டில் இவ்விழா குத்துவிளக்கோடு கலந்து, பெற்றோர் ஊரிலிருந்து வந்து முன்வரிசையில் அமரும் குடும்ப விழாவாக மாறிவிட்டது. பெண்ணை விடுதிக்கு அனுப்பத் தயங்கிய குடும்பம், வெள்ளையுடையில் விளக்கேந்தி நிற்கும் மகளை ஊரார் முன் பெருமையாகக் காட்டும் நிலைக்கு வந்ததில், எந்தப் பிரசாரக் கூட்டத்தைக் காட்டிலும் இந்த ஒரு விழாவுக்குப் பங்கு அதிகம் எனலாம்.

ஆனால் கண்ணியம் சடங்கில் கிடைத்த அளவுக்கு வாழ்நிலையில் கிடைக்கவில்லை. போர் (Bhore) என்பவரின் தலைமையில் நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த குழுவின் 1946ஆம் ஆண்டு அறிக்கை, நாடு முழுவதற்கும் ஏறத்தாழ 7,000 செவிலியரே உள்ளனர் என்றும், 43,000 பேருக்கு ஒருவர் என்ற அளவிலேயே அது அமைகிறது என்றும் காட்டியதோடு, அவர்களுடைய பணிநிலையின் இழிவையும் சுட்டியது. 1954இல் அமைந்த மற்றொரு குழுவுக்குச் சென்னை மாநிலத்தின் சுகாதார அமைச்சர் ஏ.பி. ஷெட்டி தலைமை தாங்கினார். செவிலியரின் பணிநிலை, ஊதியம் முதலியன அதன் ஆய்வுப்பொருள். 1987இல் நியமிக்கப்பட்டு 1989இல் அறிக்கை தந்த உயர்நிலைக் குழுவின் தலைமையும் தமிழ்நாட்டவரிடமே வந்தது: முன்னாள் முதல்வர் எம். பக்தவத்சலத்தின் மகளும் சமூகப் பணியாளருமான சரோஜினி வரதப்பன், செவிலியரை அவர்தம் தொழிலுக்குப் புறம்பான எடுபிடி வேலைகளிலிருந்து விடுவிக்க வேண்டும் என்பது உட்பட விரிவான பரிந்துரைகளை அளித்தார். நாற்பதாண்டுக் காலத்தில் அடுத்தடுத்து வந்த குழுக்கள் ஏறத்தாழ அதே குறைகளைத் திரும்பத் திரும்ப எழுத நேர்ந்தது. அக்குறைகளை அன்றாடம் அனுபவித்த மாணவியர் கையில் ஒரு சங்கம் இருந்தும், அது அவற்றைப் பேசும் இடமாக அமையவில்லை. இதற்கு மாணவியரைக் குறை சொல்வது பொருந்தாது. விடுப்பு தருபவரே ஆலோசகராக அமர்ந்திருக்கும் கூட்டத்தில் விடுப்பு பற்றிய தீர்மானத்தை யார் முன்மொழிவார்?

மாணவர் பேரவைகள் அரசியல் கட்சிகளின் பயிற்சிக்களமாக இருந்த தமிழ்நாட்டில், 1965இன் மொழிப்போர் கல்லூரிகளை அலைக்கழித்த நாள்களிலும், செவிலியர் பள்ளி ஒரு தனித்தீவாகவே இருந்தது. வார்டை விட்டு வெளியேறினால் நோயாளி கைவிடப்படுவார் என்ற வாதத்துக்கு எளிதில் பதில் இல்லை. அந்த வாதம் உண்மையானதே. அதே சமயம் நிர்வாகத்துக்கு மிக வசதியானதும்கூட.

1987ஆம் ஆண்டுச் சட்டத்தால் தமிழ்நாட்டில் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் ஏற்பட்டதன் பின்னர், தனியார் செவிலியர் கல்லூரிகள் மாவட்டந்தோறும் பெருகின. ஆண் மாணவரும் வந்தனர். 1985இல் இராமநாதபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகி, பின்னர் விருதுநகர் மாவட்டம் என்று பெயர் பெற்ற பகுதிக்குள் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அமைந்தன. விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் திறக்கப்பட்டது. எஸ்.என்.ஏ.யோடு நாட்டு நலப்பணித் திட்டம், இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம், செஞ்சுருள் சங்கம் ஆகியனவும் கல்லூரிகளில் இடம்பிடித்தன. பெயர்கள் வேறாயினும், ஒரே மாணவர் குழு ஒரே ஊர்வலத்தை நடத்திவிட்டு அதை நான்கு பதிவேடுகளில் நான்கு தலைப்பில் எழுதிக்கொள்வதைப் பல கல்லூரிகளில் காணலாம். எஸ்.என்.ஏ. பற்றிய பாடம் இறுதியாண்டுத் தேர்வில் வினாவாக வருவதால், தம் சங்கத்தின் நோக்கங்களை மாணவர் மனப்பாடம் செய்து எழுதுகின்றனர் என்பதும் ஒரு வினோதம்தான்.

மருத்துவப் பணியாளர் தேர்வாணையத்தின் வழியே தேர்வான ஒப்பந்தச் செவிலியர், மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தை எதிர்த்தும் பணிநிரந்தரம் கோரியும் 2017 நவம்பர் இறுதியில் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் கூடி அமர்ந்தனர். கூட்டம் நடத்தவும் குறிப்பெழுதவும் அணிவகுக்கவும் அவர்களுக்குப் பள்ளிக் காலத்துச் சங்கம் கற்றுத் தந்திருந்தது. கோரிக்கை எழுதவும் பேரம் பேசவும் அவர்கள் பணியில் சேர்ந்த பின்னரே கற்றனர். எஸ்.என்.ஏ.யின் வரலாற்றுப் பயனும் குறையும் இந்த இடத்தில் தெளிவாகத் தெரிகின்றன. அது பெண்களைப் பொதுமேடைக்குக் கொண்டுவந்தது. மேடையில் எதைப் பேசலாம் என்பதைத் தானே முடிவு செய்தது.

இந்த வரலாற்றை விரிவாக எழுதுவதற்கான மூலப்பொருள் யூனிட்டுகளின் டைரிகளில் இருக்கிறது. ஆண்டுதோறும் போட்டிக்காக இத்தனை உழைப்போடு எழுதப்பட்ட ஏடுகள், பரிசளிப்பு முடிந்ததும் அலமாரிக்கும், அங்கிருந்து பழைய தாள் கடைக்கும் செல்லத் தக்கவை அல்ல. மதுரை, பாளையங்கோட்டை, வேலூர்ப் பள்ளிகளும் விருதுநகர் மாவட்டத்தின் புதிய கல்லூரிகளும் தம்மிடமுள்ள டைரிகளைப் படியெடுத்து நூலகத்தில் வைக்க வேண்டும். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்து ஓய்வுபெற்ற செவிலியர் தம் விடுதிக் காலத்து ஒளிப்படங்களையும் மாநாட்டு அழைப்பிதழ்களையும் அவற்றோடு சேர்த்துத் தர முன்வர வேண்டும்.